மார்கரெட் எழுந்து போகாத ஞாயிறுகள்

மார்கரெட்டுக்குக் கோதுமை ஆகாது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு, எடை முப்பத்தெட்டுக் கிலோ. சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவுப் பெண்களுக்கு சூப்பர்வைசர். சோறு தின்று வளர்ந்தவளுக்குக் கோதுமையை விடுவது பெரிய காரியமா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பரோட்டா போனது, ரவையும் சேமியாவும் போயின, மைதா கலக்கிறார்கள் என்று பெருங்காய டப்பாவும் குப்பைக்குப் போனது. வருடம் ஒன்று ஆகியும் வயிற்றுப்போக்கு மட்டும் போகவில்லை.

கணவன் தேவசகாயம் ஷட்டில் வேன் ஓட்டுகிறவன். நல்லவன்தான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் விடமாட்டான். அவள் வேலை முடிந்து வந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்ப்பான்.

"கேன்டீன்ல இன்னா துன்ன? நெஜத்தச் சொல்லு."

"சத்தியமா ஒண்ணும் துன்னலய்யா."

"துன்னாம எப்பிடி இப்பிடிப் போவுது?"

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கிற டாக்டர் ஜோதிலட்சுமியும் அதையே மரியாதையாகக் கேட்டார். மார்கரெட் யோசித்து யோசித்துக் கடைசியில், ஞாயிறுதோறும் படூர்க் கோயிலில் வாங்குகிற திருவிருந்து அப்பத்தைச் சொன்னாள். பொட்டளவு அப்பம். கர்த்தருடைய சரீரத்தைச் சாப்பாட்டோடு யார் சேர்ப்பார்கள்? அதுவும் கோதுமைதான் என்றார் டாக்டர். அப்பத்தைத் தோய்க்கிற திராட்சை ரசமும் வேண்டாம் என்றார்.

அன்றிலிருந்து எல்லாரும் பீடத்துக்குப் போகையில் அவள் மட்டும் பெஞ்சில். அந்தச் சபையில் எழுந்து போகாதவர் என்றால் மனதில் பாவம் இருக்கிறது, அல்லது யாரோடோ தீராத மனஸ்தாபம் இருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் சங்கத்து ரூத் அவளை வாசலில் நிறுத்தினாள்.

"இன்னா மார்கரெட்டு, எதுவா இருந்தாலும் ஜெபத்துல சொல்லிடு."

குடல், கோதுமை என்று செருப்பு மாட்டிக்கொண்டே விளக்க மார்கரெட்டுக்குத் தெம்பு இல்லை. தலையாட்டிவிட்டு வந்தாள்.

இப்படி இன்னொரு வருடம். வயிற்றுப்போக்கு அப்போதும் நிற்கவில்லை. மறுபடியும் குழாய் விட்டுக் குடலில் துளி கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். ஜோதிலட்சுமி இருவரையும் உட்காரவைத்தார்.

"குடலோட உள்பக்கம் பூத்துவாலை மாதிரி மொசுமொசுன்னு இருக்கணும்மா. சத்தை உறிஞ்சுறது அதுதான். உங்களுக்குத் தேஞ்சு மொட்டையா இருக்கு. நோயை எதிர்க்கிற அணுக்கள் அந்தத் தோலுக்குள்ளயே காவல் இருக்கும். முதல்ல கோதுமையைப் பார்த்துத்தான் அதுங்களுக்குக் கோவம் வந்துச்சு. இப்போ கோதுமையே வரலைன்னாலும் அடங்காம, குடல் தோலையே எதிரின்னு நினைச்சுக் கொல்லுதுங்க."

"அப்ப இவ ஒண்ணும் துன்னலயா?" என்றான் தேவசகாயம்.

"துளிகூட உள்ளே போகலை. ரத்தத்துலயே தெரியுது."

மாத்திரை உண்டு, அதற்கு நோய் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சிலருக்கு அந்த அணுக்களே புற்றாகவும் மாறும், அதற்கு இன்னொரு சோதனை என்றார். மார்கரெட்டுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் ஆத்திரம் வந்தது. பயிரை மேய்ந்தது வேலி. திருட்டுப் பட்டம் அவளுக்கு.

அந்த ஞாயிறு ஆயர் திருவிருந்துக்கு அழைத்ததும் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். தேவசகாயம் எழவில்லை.

"இன்னாய்யா, போ."

"உனுக்கு என் மேல மனஸ்தாபம் கீது. வச்சிகினு எப்பிடிப் போறது?" அவன் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இம்மாம் நாளா டப்பாவ மோந்துகினு இருந்தேன்."

முன்வரிசையிலிருந்து ரூத் திரும்பிப் பார்த்தாள். இப்போது பாவிகள் இரண்டு பேர்.

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான். சொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து இன்றுதான் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.