அருவியடியில் அலறிய தம்பி

என் தம்பி சுடலைக்குப் பேச்சு வராது. கொஞ்ச காலமாகத் தன் தலையிலேயே ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தான். சாரல் தொடங்கியதும், கிறுக்கு தெளியும் என்று நம்பிக் குற்றாலத்தில் ஒரு வைத்தியரிடம் விட்டோம்.

பார்க்கப் போனபோது, கைகளைச் சங்கிலியால் பிணைத்து அருவிக்கடியில் நிறுத்தியிருந்தார்கள். அவன் அலறினான்.

“சத்தம் போடட்டும் தாயி, கிறுக்கு எறங்குதுல்லா” என்றார் வைத்தியர்.

தண்ணீர் இடது காதில் விழும்போது மட்டுமே அலறினான். தோளை உயர்த்தி அதை மறைத்தான்.

“அவுத்து விடுங்க அண்ணாச்சி! அவனுக்குக் காது வலிக்கி!” என்று சண்டை போட்டு அழைத்துவந்தேன்.

தென்காசி டாக்டர் பார்த்தார். காதுக்குள் சீழ். நோய் காதில் இருக்க, பூட்டைக் கையில் போட்டிருக்கிறார்கள்! காது ஆறியதும் அறைவதும் நின்றது.

இப்போது அவன் கையை ஓங்கினால் நாங்கள் யாரும் அதைப் பிடிப்பதில்லை. எங்கே வலிக்கிறது என்று தொட்டுத் தொட்டுக் கேட்கிறோம். முந்தாநாள் அவனே என் விரலைப் பிடித்துத் தன் கடைவாய்ப் பல்லில் வைத்தான்.