அசையாத சொத்து

பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் குப்புறப் படுத்து, கன்னத்தை நடைபாதையில் ஒட்டவைத்துக்கொண்டு, கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைக் கல்லின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறார். கல் நனைந்தால்தான் பழைய வெட்டு கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. சைக்கிளில் போன ஒருவர் பதறிப்போய் இறங்கி ஓடிவருகிறார். "என்னம்மா, மயக்கமா? தண்ணியைக் குடிங்க, ஏன் கீழே கொட்டுறீங்க?" தலையைத் தூக்காமலே பதில் வருகிறது: "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. கல்லுக்குத்தான் தாகம். கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

இது ஞாயிற்றுக்கிழமைக் கோலம். மற்ற நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி. ஐம்பதைத் தாண்டிய வயது, கொஞ்சம் பருத்த உடம்பு, அதைச் சட்டையே செய்யாத நடை. கடைக்குள் வருகிறவரின் கண்ணைப் பார்ப்பதற்கு முன்பே காதைப் பார்த்துவிடுவார். "உங்களுக்கு இடது காது கொஞ்சம் இறக்கம் சார். ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இருக்கிற ஆளை நான் இன்னும் பாக்கல. கவலைப்படாதீங்க, ஃபிரேமை வளைச்சுடலாம்" என்று முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னார். அதுவரை நான் என் காதுகளைப் பற்றி நிம்மதியாக இருந்தவன். அன்றிலிருந்து முகம் மழிக்க நின்றால் பார்வை நேரே காதுக்குத்தான் போகிறது.

முன்பெல்லாம் நில அளவைக்காரர்கள் ஊர் ஊராகப் போய், கடல்மட்டத்துக்கு மேல் இந்த இடம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அழியாமல் இருக்கட்டும் என்று அங்கேயே ஒரு கல்லில் குறி வெட்டிவிட்டுப் போனார்கள். படுக்கையாக ஒரு கோடு, அதன்கீழ் ஓர் அம்பு. பாலத்தூணில் இருக்கும், கட்டடத்தின் மூலைக்கல்லில் இருக்கும், வாசற்படியில் இருக்கும். இப்போது உயரத்தை வானத்திலிருந்தே அளந்துவிடுகிறார்களாம். குறிகள் மட்டும் சுவரொட்டிக்கு அடியிலும் குப்பைத்தொட்டிக்குப் பின்னாலும் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துப் படமெடுத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது. சிலர் மீன் பிடிக்கிறார்கள், சிலர் பறவை பார்க்கிறார்கள், இவர்கள் கல் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மவருக்கு 'மட்டம் மேடம்' என்று பெயர். முதல் தடவை கேட்கிறவருக்குத் திக்கென்றிருக்கும். அவருக்கோ அதில் ஏகப் பெருமை. "யாரு வேணா என்னை மட்டம்னு சொல்லட்டும் சார். எனக்கு அது பட்டம்."

ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். போனது என் தப்பு. நாய்களுக்குப் பயப்படுகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்கின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒவ்வொரு குறியும் யாரோ ஒருவருடைய நாய் காவல் காக்கும் வாசலில்தான் இருக்கிறது. நாயைச் சமாளித்தால் நாய்க்காரர் வருவார். சாலையை அகலப்படுத்த அளக்க வந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொள்வார். "எங்க வீடு எவ்வளவு போகும்?" என்று கேட்பார். "ஒரு செங்கல்கூடப் போகாது. நீங்க கடலுக்கு எவ்வளவு மேல குடியிருக்கீங்கன்னு உங்க படியில எழுதியிருக்கு, பாத்துட்டுப் போக வந்தேன்" என்று இவர் சொல்வார். அன்று ஒருவர் விடவில்லை. "அதைத் தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்றார். "இத்தனை நாள் தெரியாம என்ன பண்ணீங்க?" என்று திருப்பிக் கேட்டார் இவர். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, தானும் மண்டிபோட்டு டார்ச் பிடித்தார்.

டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது, கல்லை ஒட்டிச் சாய்த்து அடிக்க வேண்டும். அப்போதுதான் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும். கம்பி பிரஷ் கூடாது, பழைய பல் பிரஷ்தான். இதெல்லாம் சட்டம். ஆனால் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு அவர் வைத்திருக்கும் வழி எந்தச் சட்டத்திலும் இல்லை. "புதுசா பூசின சுவரைப் பாக்காதீங்க சார். பூசாம விட்ட மூலையைப் பாருங்க. மீட்டர் பெட்டிக்குப் பின்னாடி, குழாய்க்கு அடியில, கை நுழையாத இடத்துல. வேலைக்காரன் சோம்பேறியா இருந்தா எனக்குக் குறி கிடைக்கும். சுறுசுறுப்பானவன் எல்லாத்தையும் பூசிட்டுப் போயிடுவான். சோம்பேறிங்கதான் எனக்கு தெய்வம்" என்று சொல்லிவிட்டு, என்னை ஒருமாதிரி கனிவோடு பார்த்தார். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தவறே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை பள்ளிக்கூட மதிலில் மூன்று கோடுகளைக் கண்டு துள்ளிக் குதித்து, படமெடுத்து, கூட்டத்துக்கே அறிவித்துவிட்டார். வேறு எங்குமே பார்க்காத அபூர்வ வகை என்று வாதாடினார். அது யாரோ கிரிக்கெட் ஆடக் கீறிய ஸ்டம்ப். உண்மை தெரிந்ததும் மழுப்பவில்லை. "நான் அவுட்டுங்க" என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் ஒவ்வொரு குறிக்கும் மூன்றில் ஒரு சொல்லைத்தான் போடலாம். இருக்கிறது, கிடைக்கவில்லை, அழிந்தது. மூன்றாவதைப் போட வேண்டுமென்றால் கல் இடம் பெயர்ந்து கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இவர் அதை ஒருபோதும் போட்டதில்லை. முழுக் கட்டடமே போய் அங்கே அடுக்குமாடி வந்திருந்தாலும், 'கிடைக்கவில்லை'தான். "கிடைக்கலைன்னா என் பவர் பத்தலைன்னு அர்த்தம் சார். அது இல்லைன்னு சொல்ல நான் யாரு?"

இவருடைய கணவரைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. அவருக்குத் தொழில், வீடு மாற்றிக் கொடுப்பது. ஒரு வண்டி, நான்கு ஆட்கள், கட்டுக்கட்டாகப் போர்வைகள், கயிறுகள். பீரோவானாலும் பூந்தொட்டியானாலும் ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைப்பார். மனைவியின் காதல் முழுக்க அசையாததன் மீது, கணவரின் சோறு முழுக்க அசைவதன் மீது. அவருக்கு ஞாயிறுதான் வேலை அதிகம். "இவ மட்டம் தேடுறதுக்கு நான் வேலைக்கு மட்டம் போட வேண்டியிருக்கு" என்று முணுமுணுப்பார். ஆனாலும் தூரமான இடமென்றால் வண்டியில் அவர்தான் கொண்டுபோய் விடுவார். விட்டுவிட்டு நிழலில் நிறுத்தி, பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். இறங்கி வந்து ஒரு குறியைக்கூடப் பார்த்ததில்லை. நடுவில் விழித்துக்கொண்டால் போன் செய்வார். "எங்க இருக்கே?" இவர் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்று சொல்லத் தொடங்குவார். "அதைக் கேக்கலம்மா. எந்தக் கடைகிட்ட நிக்கிறே?"

இப்போது ஒரு நீரேற்று நிலையத்தின் கதைக்கு வருகிறேன். பல காலமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். அதன் வாசற்படியில் ஒரு குறி உண்டு என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. கூட்டத்தில் பலர் போய்ப் பார்த்து 'கிடைக்கவில்லை' என்று போட்டுவிட்டார்கள். இவர் விடவில்லை. வருஷக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தார். படிகளுக்குக் கீழே இன்னொரு படி மண்ணில் புதைந்திருக்கிறது என்ற எண்ணம் ஒருநாள் தோன்றி, கைக்கரண்டியால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். நீளமான கருங்கல், அதன் முகத்தில் கோடு, அம்பு. நேற்று வெட்டியதுபோல் இருந்ததாம். மறுநாள் கடைக்கு வந்த எல்லோருக்கும் கண்ணாடி துடைக்கும் துணி இலவசமாகக் கிடைத்தது.

இந்த வருஷம் கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இவர் அழவில்லை, ஊரைத் திட்டவில்லை. நேரே அந்த வேலையின் பொறியாளரைப் போய்ப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லி முழுக்கக் கேட்டார். கட்டடம் போகட்டும், அந்தப் படிக்கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், சுற்றிலும் ஒரு சின்னக் கம்பிவேலி போடுவோம் என்று ஒத்துக்கொண்டார். தேடிக் கண்டுபிடித்தது எத்தனையோ உண்டு. தன்னால் ஒரு குறி நிலைத்தது என்பது இதுதான் முதல் தடவை. வீட்டில் பல மாதங்களாக இதே பேச்சு. சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும், "எப்படியாவது அந்தக் கல்லைக் காப்பாத்திடணுங்க." கணவர் தலையாட்டுவார். இவர் சொன்னது அவர் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அதுதான் வினையாகப் போயிற்று.

அது சனிக்கிழமை சாயங்காலம். ஃபிரேம் தளர்ந்துவிட்டதென்று நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம். இவர் போனை மேசையறைக்குள் போட்டுவிட்டு, முதன்முதலாகக் கண்ணாடி போடப்போகும் ஒரு சிறுமியின் மூக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிறுமியும் அவள் அம்மாவும் கிளம்பிப் போன சற்று நேரத்தில், கணவரின் வண்டி பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. அவர் குதித்து இறங்கினார், சட்டையெல்லாம் மண். "மெதுவா, மெதுவா, என் பக்கம் தூக்கு" என்று சொல்லச் சொல்ல, நான்கு ஆட்கள் போர்வைகளால் சுற்றிய நீளமான ஒன்றை இறக்கி, கடைச் சுவரோரம் வைத்தார்கள்.

"எத்தனை தடவை போன் பண்ணேன், எடுக்கவே இல்லையே" என்றார் கணவர். மூச்சு வாங்கியது. "அந்தப் பக்கம் லோடு இறக்கப் போனேன். பாத்தா மிஷின் நிக்குது, பாதிக் கட்டடம் கீழே கிடக்குது. எனக்கு பகீர்னுடுச்சு. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தாரு. அங்க இருந்த ஆளுகிட்ட மேடத்தோட வீட்டுக்காரர்னு சொன்னேன், தாராளமா எடுத்துக்கங்கன்னான். நோண்டி எடுத்துட்டோம்." போர்வைகளை ஒவ்வொன்றாக அவரே பிரித்தார். "காப்பாத்தணும்னே. காப்பாத்திட்டேன். பாரு, ஒரு கீறல் இருக்கா?"

ஒரு கீறல் இல்லை. கோடும் அம்பும் தெரு விளக்கில் பளிச்சென்று தெரிந்தன. நான் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருந்த இடத்துல அடையாளம் ஏதாவது விட்டு வெச்சீங்களா?" என்று இவர் கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"குழியா? நல்லா நிரவி மிதிச்சு விட்டுட்டுத்தான் வந்தேன். அரைகுறையா விட்டுட்டு வர்ற ஆளா நான்?"

இவர் உள்ளே போய்ப் போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் வந்த குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "நாங்க அதைத் தொட்டிருக்கவே மாட்டோம் மேடம். சுத்தி முளை அடிச்சுக் கயிறு கட்டி வெச்சிருந்தோமே. நாளைக்கு வேலி போட ஆளு வருது. நான் சாப்பிட்டு வந்து பாத்தா இடம் மொட்டையா இருக்கு."

"பரவாயில்லைங்க. கல்லு எங்ககிட்டதான் இருக்கு. வேலிக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

கணவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "கயிறு இருந்துச்சு. அது இடிக்கிறதுக்குக் கட்டினதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "ஏம்மா, இது வேற கல்லா?"

"இல்லைங்க, இதே கல்லுதான். ஆனா அதுல எழுதியிருக்கிறது கல்லைப் பத்தி இல்ல, அது இருந்த இடத்தைப் பத்தி."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் போர்வையை வாரி எடுத்தார். "திருப்பி வெச்சிடுவோம். இப்பவே. டேய், தூக்குங்கடா. எடுத்த மாதிரியே வெச்சுக் காட்டுறேன்."

"வேண்டாங்க. ஒரு நூல் ஏறினாலும் பொய், இறங்கினாலும் பொய். பொய் சொல்ற கல்லை நான் வெக்க மாட்டேன்."

கணவர் ஆட்களைப் போகச் சொன்னார். அவர்கள் போன பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "என் தொழில்ல இதுவரைக்கும் ஒரு கண்ணாடி டம்ளர் உடைஞ்சதில்ல." எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்காகவா அந்த அம்மாளுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்றால் என் கண்ணாடி இன்னும் மேசை மேல் கிடந்தது.

இவர் முதலில் என் கண்ணாடியைத்தான் எடுத்தார். திருகை முடுக்கி, என் முகத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் தள்ளி நின்று பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். அப்புறம் போனில் கல் பார்க்கும் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்து, நீரேற்று நிலையத்துக்கு எதிரே இதுவரை தான் எழுதியறியாத அந்த மூன்றாவது சொல்லைப் போட்டார். சட்டப்படி, வெளியே போய்க் கல்லை ஒரு படமும் எடுத்துச் சேர்த்தார். உடனே பதில்கள் வந்து குவிந்தன. எந்தப் பாவி செய்தான், எந்த ஒப்பந்தக்காரன், புகார் கொடுப்போம், விடக் கூடாது. இவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். "நம்ம ஆளுதான். விடுங்க" என்று எழுதிவிட்டுப் போனை அணைத்தார்.

வெளியே கணவர் தலை நிமிராமல் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார், முனையோடு முனை சேர்த்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்து. இவர் போய் அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கினார். அதைக் கல்லின்மேல் நீளவாக்கில் விரித்தார். அதில் உட்கார்ந்து, ஓரமாக நகர்ந்து, மீதி இடத்தைக் கையால் தட்டினார்.