கிள்ளான் கிளப்பில் ஒரு வைக்கோல் பாவாடை

பகலில் ரயில்வே கிளார்க், மாலையில் ஊமைப்படக் கொட்டகையில் வயலின்காரன். பிரிக்பீல்ட்ஸில் அப்போது என் பிழைப்பு அப்படி. கொட்டகை வாத்தியக் குழுவை நடத்த வந்தவர் மேற்கு ஆப்பிரிக்காக்காரர். லண்டனில் இசையமைப்புப் படித்தவர். அங்கே அவர் எழுதியதை எந்த அரங்கமும் ஏற்கவில்லை. கப்பலில் பியானோ வாசித்தபடியே கிழக்கே வந்துவிட்டார்.

ஞாயிறு காலைகளில் அவருடைய சொந்த உருப்படியைப் பழகுவோம். அவர் பியானோ, நான் வயலின், ஒரு பிலிப்பைன்ஸ்காரர் செல்லோ. அவர் ஊரில் பெண்கள் கிழங்கு இடிக்கும் தாளத்தில் அது தொடங்கும். போகப்போக எங்கெங்கோ கொண்டுபோய்விடும்.

கிள்ளானில் துரைமார் கிளப்பில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர் என் மனைவியின் அண்ணன். அங்கே வாசிக்க அவர்தான் ஏற்பாடு செய்தார். ஊருக்குத் திரும்பும் துரை யாராவது லண்டனில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லமாட்டாரா என்று இசையமைப்பாளருக்கு ஆசை. கோட்டு கசங்காமலிருக்க ரயிலில் நின்றுகொண்டே வந்தார்.

கிளப்பின் பின்னறையில் மைத்துனர் ஒரு வைக்கோல் பாவாடையை நீட்டினார்.

"இதைக் கட்டச் சொல்லும் தம்பி. துரைமார் கேக்கினம்."

"கச்சேரிக்கா?"

"காப்பிலி கோட்டுப் போட்டு வாசிச்சா ஆர் பாப்பினம்? கொஞ்ச நேரந்தானே, சிரிச்சுப்போட்டுப் போவினம்."

இசையமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது. பாவாடை புரிந்தது. ஒரு விரலால் அதை ஒதுக்கிவிட்டு, "மேடை எந்தப் பக்கம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கோட்டோடுதான் வாசித்தார். கூடம் முழுக்க விஸ்கி நெடி, பொரித்த இறைச்சிக் கொழுப்பின் நாற்றம். முதல் பகுதியிலேயே ஒருவன் குரங்குபோலக் கத்தினான். வாயில் மென்றதைக் காட்டிக்கொண்டு ஒரு துரைசாணி சிரித்தாள். ஒரு ரொட்டித் துண்டு பறந்துவந்து பியானோ மேல் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை. மெதுவான பகுதி வந்ததும் பாதிப் பேர் எழுந்து பில்லியர்ட்ஸ் அறைக்குப் போனார்கள்.

அவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மைத்துனர் சுவரோரம் நின்று துரைமார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தபின் இவர் சிரித்தார். அவர்கள் நிறுத்தினால் நிறுத்தினார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தொண்டையில் கசந்து வந்தது.

முடித்ததும் காலி நாற்காலிகளுக்கு வணக்கம் வைத்துவிட்டு இசையமைப்பாளர் இறங்கினார். நான் வெளியே ஓடிச் சாக்கடையோரம் வாந்தியெடுத்தேன். அவர் என் வயலின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூன்றாம் பகுதியில் அவசரப்பட்டுவிட்டீர்கள்," என்றார்.

அடுத்த வாரம் மைத்துனர் வீட்டுக்கு வந்து, "அந்தக் காப்பிலி என்ர மானத்தை வாங்கிப்போட்டான்" என்று குதித்தார். நான் வாய் திறக்குமுன் என் மனைவி, "அண்ணை, எழும்பிப் போங்கோ" என்றாள். அதன்பின் அவர் எங்கள் வாசல்படி ஏறவில்லை.

பேசும்படம் வந்து எங்கள் குழு கலைந்தது. இசையமைப்பாளரும் செல்லோக்காரரும் பத்தாவியாவுக்குக் கப்பலேறினார்கள். செல்லோக்காரர் பிறகு ஒருமுறை வந்தபோது சொன்னார்: இசையமைப்பாளர் அங்கே இசை கற்பிக்கிறாராம்; அந்த உருப்படியை ஒரு பெரிய அரங்கில் முழுதும் வாசித்தார்களாம்; ஒருவரும் எழுந்து போகவில்லையாம்.

சந்தோஷந்தான். ஆனால் கிள்ளானை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது மைத்துனரின் சிரிப்பு. இன்றைக்கும் குமட்டுகிறது.