கலியாண மண்டபத்தில் மதுக்கடைப் பாட்டு

கிங்ஸ்பரி கலியாண மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்ட வந்தவர், வேட்டியோடு கௌபாய்த் தொப்பியும் போட்டிருந்தார். நான் போன எந்தக் கலியாணத்திலும் அவர் ஸ்பீக்கரைச் சோதிப்பது ஒரே பாட்டால்தான்: மனைவி விட்டுப்போனவன் மதுக்கடையில் விம்மும் பழைய அமெரிக்கப் பாட்டு.

"மனிசி விட்டிட்டுப் போற பாட்டே அண்ணை, என்ர மகளின்ர கலியாணத்தில?" என்று பெண்ணின் தகப்பன் பாய்ந்தார்.

"குடிகாரர் போடுற சத்தத்துக்கு மேலால கேக்கவேணுமெண்டுதான் அந்தக் காலத்தில கிற்றாருக்குக் கரண்ட் குடுத்தவங்கள். எங்கட சனத்துக்கும் அதுதான் சரி."

"நிப்பாட்டுங்கோ!"

முகூர்த்தம் வந்தது. ஐயர் மைக்கில் "கெட்டிமேளம்" என்று கத்தியும், சனத்தின் ஊர்க்கதையில் மேளகாரருக்குக் கேட்கவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தகப்பன் ஸ்பீக்கர்காரர் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, அந்த மனிசி போற பாட்டைப் போடுங்கோ!"

கிற்றார் ஒருமுறை அழுதது. சனம் வாயடைத்தது. அந்த அமைதிக்குள் மேளம் விழ, தாலி ஏறியது.

அவர் தொப்பியைக் கழற்றி, ஒரு பிடி அட்சதையை மணமக்களுக்கும் ஒரு பிடியை ஸ்பீக்கருக்கும் தூவினார். அவருக்கு மனைவி இருந்தாரா என்று கேட்காமலே வந்துவிட்டேன்.