அத்தானுக்குத் தைத்த சாலை

என் அக்காவைத் துண்டக்கா என்றால்தான் தெருவில் தெரியும். தையல் கடைகளில் வெட்டி எறிகிற துண்டுத் துணி ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. உட்காரப் போனால் நாற்காலியில் துணி, சர்க்கரை டப்பாவைத் திறந்தால் அங்கேயும் ஒரு முடிச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தானோ பஸ் ஓட்டிவிட்டு வரும்போது சட்டைப் பையில் தன் பங்குக்கு இரண்டு துண்டு கொண்டுவருவார். நல்ல ஜோடி என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அந்தத் துண்டுகளை வைத்துத்தான் அவள் போர்வைகளில் படம் தைத்தாள். சுவரில் ஒரு பழைய விரிப்பு தொங்கும். துண்டுகளை அதில் குண்டூசியால் குத்திவிட்டு, பின்னால் போய் நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியுமாம். மனசுக்குப் பிடித்ததும் அடியில் பஞ்சு, அதற்கும் அடியில் பழைய புடவை என்று மூன்றையும் சேர்த்து மிஷினில் வைப்பாள். மிஷினில் துணியை இழுத்து நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே வளைத்து வளைத்து நகர்த்துவாள். தையலே கோடாக விழும்.

பக்கவாதத்தில் அத்தானுக்குப் பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. அவருக்கென்று ஒரு போர்வை தைக்க உட்கார்ந்தாள். அவர் பஸ் ஓட்டிய மலைச்சாலை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. சாலைக்கு அவருடைய காக்கிச் சீருடையை வெட்டினாள். வானத்துக்குத் தன் நீலப் பட்டுப் புடவையையே வெட்டியபோது எனக்கு வயிற்றெரிச்சல்.

தைத்து முடித்ததும் அவர் மார்புவரை போர்த்திவிட்டுக் கால்மாட்டில் வந்து நின்றாள். நானும் நின்றேன். சாலை எங்கள் பக்கம் தொடங்கி, பாலத்தைத் தாண்டி, அவர் மார்பருகே இருந்த வானத்துக்கு ஏறியது. அசந்துபோனேன். அத்தான் தலையைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுருங்கியது. இடது கை விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினார். புழுங்குகிறது போலும் என்று ஃபேனைக் கூட்டினோம். மறுபடியும் சுற்றினார். இன்னும் கூட்டினோம். கடைசியில் போர்வையைத் தள்ளிவிட்டார்.

தினமும் இதே கதைதான். அக்காவுக்கு மனசு விட்டுப்போனது.

"என் கையால செஞ்சது எதுவும் அவருக்கு இப்பப் பிடிக்கல," என்றாள்.

அதைத் தூக்கிக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டாள். அங்கே சுவரில் மாட்டியிருந்த அந்தச் சாலையைப் பார்த்து யார் யாரோ பாராட்டினார்கள். அவள் ஏனோதானோவென்று தலையாட்டினாள். போர்வை வீட்டுக்குத் திரும்பும் முன்பே அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று அவர்மேல் கிடந்தது கடையில் வாங்கிய ஒரு கம்பளி.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு, ஒரு மதியம், இடுப்பு வலிக்கிறது என்று அக்கா அவருடைய கட்டிலில் சாய்ந்தாள். திரும்பி வந்திருந்த போர்வையை எடுத்து, வழக்கம்போல வானம் மார்பருகே வரும்படி போர்த்திவிட்டேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கிய தலை தூக்கியபடியே இருந்தது.

படுத்திருப்பவருக்கு அது தலைகீழாகத் தெரிந்திருக்கிறது. வானம் கீழே, சாலை மேலே. சுவரில் மாட்டியே தைத்துப் பழகியவள் அவள். கால்மாட்டில் நின்றே பார்த்தவர்கள் நாங்கள். அந்தத் தலையணையில் ஒரு தடவை தலையை வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் வண்டியைக் கவிழ்க்காத மனிதரைக் கவிழ்ந்த சாலையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வைத்திருக்கிறோம்.

அக்கா இடது கையைத் தூக்கி விரலை வட்டமாகச் சுற்றினாள்.

"அவர் ஃபேனக் கேக்கலடி. திருப்பிப் போடச் சொல்லியிருக்கார்."

நான் போர்வையைத் திருப்பிப் போட்டேன். சாலை அவள் மார்பில் தொடங்கிக் கால்மாட்டு வானத்துக்கு ஏறியது. அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டுப் படுத்துக்கொண்டு அழுதாள்.