தறப்பாளுக்கு இன்னொரு பெயர்

ஆக்லாந்தில் பனி பெய்வதில்லை. பெய்யாத ஊரில் குளிர்கால விழா வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில்தான் செய்தாக வேண்டும். சறுக்கி இறங்கும் சரிவு வினைல். பிள்ளைகள் உட்கார்ந்து வழுக்கும் டியூப் வினைல். பனிக்கரடி படம் போட்ட பேனரும் அதுவே. நடுவில் மட்டும் சறுக்கி ஆட நிஜமான ஐஸ் ஒரு திட்டு இருக்கும். அதற்கும் மேலே வெள்ளை வினைலில் பெரிய கூடாரம். எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். பக்கத்து வீட்டு சோபனாவுக்கு அப்படியில்லை.

லின்ஃபீல்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரைவ்வே. நான் மதுரைக்காரி, அவள் கிளிநொச்சி. அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவர்களைக் கழுவித் துடைக்கும்போதுகூட முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் கூடாரம் போட்டு நடத்தும் கல்யாணத்துக்கு வந்தால் வாசலோடு திரும்பிவிடுவாள். கேட்டால் தலைவலி என்பாள்.

அவள் கணவன் ரஜிதனுக்கு வேலையே கூடாரம் வாடகைக்கு விடும் கம்பெனியில். விதியைப் பாருங்கள். வேலை உடுப்பை கராஜிலேயே கழற்றிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் அவள் பக்கம் வருவான், வினைல் வாடை அவளுக்கு ஆகாது என்று. போர் முடிந்ததும் இருவரும் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவர்கள். அதிலிருந்து அப்படி மூடிய இடத்தில் அவளுக்கு மூச்சு முட்டும் என்று அவன்தான் என்னிடம் சொன்னான். நாங்கள் தார்ப்பாய் என்பதை அவர்கள் தறப்பாள் என்பார்கள். அந்தச் சொல்லையே அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

மகள் பிரணவிக்குப் பதினோரு வயது. ஐஸில் சறுக்கி ஆடக் கற்றவள். இங்கே ஜூலைதான் குளிர்காலம். போன ஜூலையில் அந்த விழாவில் தனியாக ஆட அவளுக்கு இடம் கிடைத்தது. அம்மா உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பள்ளிக்கூட விழாவோ கோயில் திருவிழாவோ, கூடாரம் என்றால் அவளுக்குத் துணைக்குப் போவது நான்தான். அது அந்தப் பிள்ளைக்கு உள்ளுக்குள் புண்ணாகவே இருந்திருக்கிறது.

அந்தக் கூடாரத்தைப் போட்டதும் ரஜிதனின் கம்பெனிதான். அவன் ஒரு தந்திரம் செய்தான். "பந்தல்தான், சோபனா. ஒரு பக்கம் முழுக்கத் திறந்துதான் கிடக்கும்" என்றான். பந்தல் என்ற சொல்லை நம்பி அவள் வந்தாள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச் சேலை கட்டி, மேலே தடித்த ஜாக்கெட் போட்டிருந்தாள். திறந்த பக்கத்தை ஒட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குளிரிலும் அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது.

பிரணவிக்கு முன்னால் வேறொரு சிறுமி ஆடிக்கொண்டிருந்தபோது தெற்கிலிருந்து காற்றுத் திரும்பியது. மழை சாய்ந்து உள்ளே அடித்தது. ஐஸில் தண்ணீர் தேங்கினால் ஆட முடியாது என்று பக்கச்சுவரை இறக்கச் சொன்னார்கள். அங்கே கயிற்றோடு நின்றவன் ரஜிதன். அவன் சோபனாவையே பார்த்தான். மேற்பார்வையாளர் மறுபடி கத்தினார். அவன் கயிற்றை விட்டான். வெள்ளை வினைல் சரசரவென்று தரைவரை இறங்கியது. மேலே மழை படபடவென்று அடித்தது.

மைக்கில் பிரணவியின் பெயரைச் சொன்னார்கள். சோபனா எழுந்தாள். முன்நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஐஸைப் பார்த்தபடியே நிற்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். மகள் நடுவில் வந்து கைகளை விரித்து அம்மாவைத் தேடிய நேரத்தில் சோபனா வினைல் சுவரைத் தூக்கி விலக்கிவிட்டு மழைக்குள் போய்விட்டாள். அந்தப் பாழாய்ப்போன காற்று கொஞ்சம் பொறுத்துத் திரும்பியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் பின்னாலேயே ஓடினேன். கூடாரத்தில் ஜன்னலுக்கென்று வைத்திருந்த கண்ணாடி வினைல் ஆவி படிந்து வெளுத்துக் கிடந்தது. சோபனா முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஆவி உட்புறத்தில், வெளியில் துடைத்து என்ன பிரயோசனம். பாட்டுக் கேட்டது, கைதட்டல் கேட்டது. மகள் ஆடியதை அவள் பார்க்கவில்லை.

பிரணவி சறுக்கு ஷூவைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தாள். உள்ளே இருந்து பார்ப்பேன் என்று சத்தியம் பண்ணினாயே என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். ரஜிதன் ஓடிவந்து, பிழை என்னுடையது, நான்தான் இறக்கினேன் என்றான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லி அழுதாள்.

சோபனா நனைந்துகொண்டே நின்றாள். "உனக்கு ஒரு அக்கா இருந்தவ" என்றாள். "தறப்பாளுக்குள்ள பிறந்து தறப்பாளுக்குள்ளயே போயிட்டா. அண்டைக்கும் மழை இப்பிடித்தான் மேல அடிச்சுக்கொண்டிருந்தது."

ரஜிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு இது தெரியாது. பெற்ற வயிறு இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டு என் வீட்டு வாசலில் நின்று சிரித்துப் பேசியிருக்கிறது.

பிரணவி அழுகையை நிறுத்தினாள். வீட்டில் தமிழில் பதில் சொல்லாதவள், தமிழில் கேட்டாள்.

"அக்காக்கு என்ன பேர்?"

அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு என்கிற தீட்டைக் கழித்த பிறகுதான் பெயர் வைப்பார்கள்.

"முப்பத்தொண்டு வரேல்லை, பிள்ளை. பேர் வைக்கேல்லை" என்றாள் சோபனா. மகளின் நனைந்த தலையைத் தன் ஜாக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "நினைச்சு வைச்சிருந்த பேர் அப்பிடியே கிடந்தது. அதைத்தான் உனக்கு வைச்சனாங்கள்."