கொம்பு விலகிய சேலை

கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய பிறகு என்னால் தேயிலை மலைக்குப் போக முடியவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாலே உடம்பெல்லாம் நடுங்கும். ஸ்பிரிங்வெளி தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டிலிருந்து அம்மா மட்டும் வீங்கிய முட்டியோடு கொழுந்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் வராவிட்டால் என் பேரை வெட்டிவிடுவார்கள் என்று கங்காணி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி தன் பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போயிருந்தான். இணையத்துக்குப் படம் செய்கிற மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. வீட்டிலிருந்தே இதைச் செய்து பிழைக்கலாம் என்று போனில் ஒரு வீடியோ சொன்னது. பதுளையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் கடைக்கு இணையப் பக்கம் தொடங்கப்போகிறார் என்று தெரிந்து, நானே போய்க் கேட்டேன்.

"தீபாவளிக்கு, முதல் பக்கத்துல போட ஒரு படம் வேணும். தமிழ் எழுத்து பெருசா இருக்கணும். செய்வீங்களா தங்கச்சி?"

"செஞ்சிருவேங்க" என்றேன். அதுவரை அந்த மென்பொருளில் ஒரு கோடுகூட ஒழுங்காக இழுத்ததில்லை.

படம் எப்படியோ வந்துவிட்டது. எழுத்துதான் வரவில்லை. 'சேலை' என்று தட்டினால் கொம்புகள் எழுத்தைவிட்டு விலகிப் பின்னால் போய் விழுந்தன. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோலம்.

மென்பொருளின் உதவிப் பக்கம் முழுக்க இங்கிலீஷ். லயத்தில் போன் பேச மட்டும்தான் சிக்னல், இணையம் வராது. கோயில் மேட்டுக்கு ஏறி, இணையத்தில் ஒரு கேள்விப் பலகையில் தெரிந்த இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். எந்தப் பதிப்பு என்று ஒருவர் கேட்டார். பார்த்துச் சொன்னேன். பதிலே இல்லை. புதிதாக ஒன்று வாங்கிக்கொள் என்றார் இன்னொருவர். தோட்டத்துக் கம்ப்யூட்டர் நிலையத்துக்குப் போனால் பூட்டுத் தொங்கியது. சொல்லிக்கொடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாராம்.

"ஒனக்கு எதுக்குடி இந்த வேல? மெதுவா மலைக்கே வந்துரேன்" என்றாள் அம்மா. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலாளி போனில் கேட்கத் தொடங்கினார். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் போனை எடுக்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். முதலில் போன போட்டோக் கடையில் யாரும் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்து, கல்யாணக் கார்ட் அடிக்கும் ஒரு சின்னக் கடை. மேசையில் என் வயசுச் சிங்களப் பெண் ஒருத்தி இருந்தாள். திரையைத் திறந்து காட்டினேன். சொல்லத் தொடங்கியதுமே அழுகை வந்துவிட்டது.

"நங்கி, அழ வேணாம். இங்க பாருங்க" என்றாள் அவள், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லி, தட்டுத் தடுமாறிய தமிழில். "சிங்கள எழுத்தும் இப்பிடித்தான் ஒடையும். நானும் அழுதது."

செட்டிங்ஸுக்குள் எழுத்துக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதில் தெற்காசிய மொழிகள் என்ற இடத்தில் குறி போட்டாள். மென்பொருளை மூடித் திறந்தாள். பழைய எழுத்தை அழித்துவிட்டு என்னையே தட்டச் சொன்னாள். தட்டினேன். கொம்புகள் தத்தம் இடத்தில் வந்து நின்றன.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். ஆனா சொல்றதுக்கு ஆள் இல்லையே."

ஜவுளிக்கடைக்கு ஓடினேன். முதலாளி தன் போனை எடுத்து நீட்டினார். கடையின் இணையப் பக்கம் திறந்தாகிவிட்டது. யாரோ செய்த படம், இங்கிலீஷ் எழுத்தில். லேப்டாப்பை வாங்கி என் படத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நேத்து வந்திருக்கக் கூடாதா? போனையும் எடுக்கல நீங்க."

லேப்டாப்பை மூடிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். இணையப் பக்கத்தில் போட வேண்டிய சேலைப் படங்கள் நிறைய இருப்பதாகவும், ஒவ்வொன்றையும் வெட்டிச் சுருக்கி, தமிழில் பேர் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார்.

"இந்த முறை சரியா வருமா?"

"வருங்க" என்றேன். அவர் படங்களை என் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். இந்த வேலை பிழைப்புக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பைத் திறந்து, முதல் சேலையை வெட்டத் தொடங்கினேன்.